கன்னியப்பன் பார்த்த முதல் படம்

மதுலதாவின் தலைமுடியைப் பதினோரு வருஷம் வாரியவள் நான். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். படத்தில் பாதித் தூக்கத்தில் இருப்பது போலப் பார்ப்பாங்களே, நிஜத்திலும் அந்த அம்மா அப்படித்தானா? ஆமாம், அப்படியேதான். பத்திரிகைக்காரர்கள் அதற்குக் கனவுக் கண்கள் என்று பேர் வைத்தார்கள். அந்தக் கண்களைக் காலை நாலரை மணிக்குத் தண்ணீர் தெளித்துத் திறக்க வைத்தவள் நான் என்பதால் எனக்கு அவ்வளவு மயக்கம் கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் மேல்தோல் தைத்த காலத்திலேயே அவள் இப்படித்தான். ஊசி ஓடிக்கொண்டிருக்கும், அவள் எங்கேயோ போயிருப்பாள். சூப்பர்வைசர் வருவதற்குள் முழங்கையால் ஒரு இடி இடித்து நான்தான் திரும்பக் கூட்டிவருவேன்.

அப்போது அவள் பேர் பூரணி. எனக்கு இன்றைக்கும் பூரணிதான். என் பேர் ஜெயபுஷ்பம். படத்தில் அது வராது, டைட்டில் முடிகிற இடத்தில் பொடி எழுத்தில் ஓடும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எழுபத்து நாலில் பாலாற்று மணலில் ஒரு படக் கம்பெனி வந்து இறங்கியது. கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும், மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டு நானும் அவளோடு போனேன். ஏசப்பா மன்னிப்பார், பிரியாணி நன்றாகவே இருந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைத் திருப்பித் திருப்பி வெயிலை எங்கள் மூஞ்சியில் அடித்தார்கள். நாங்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். பூரணி மட்டும் இமைக்கவே இல்லை. அப்பாவுக்குச் சோற்றுக் கேரியர் தூக்கிக்கொண்டு தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டிப் போய்வந்து வளர்ந்தவள், அந்தக் காட்டத்தில் எரிந்து எரிந்து அவள் கண் மரத்தே போயிருந்தது. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணை முன்னால் கூட்டிவாருங்கள் என்றார். அவள் சினிமாவுக்கு வந்த கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் கட்டியது.

அடுத்த வருஷம் கதாநாயகனுக்குத் தங்கச்சி, அதற்கடுத்த வருஷம் இரண்டாம் கதாநாயகி, எழுபத்தெட்டில் ஒரே வருஷத்தில் ஒன்பது படம். மெட்ராஸுக்கு ரயிலேறிப் போகும்போது நீயும் வந்தால்தான் போவேன் என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்த வேலை ஷூ தைப்பது ஒன்றுதான். அங்கே போய்த்தான் கொண்டை போடக் கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷங்கள் எனக்கே சரியாக நினைவில்லை. காலையில் ஒரு செட்டில் புருஷன் செத்து வளையலை உடைத்துக்கொள்வாள். மத்தியானம் பக்கத்துச் செட்டில் இன்னொருவனோடு ஊஞ்சலில் ஆடுவாள். சாயங்காலம் செயற்கைப் பனி, சாம்பிராணிப் புகை, அட்டையில் வெட்டிய நிலா. கார் ஓடிக்கொண்டே இருக்கும், என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே இருப்பாள். ஜடையில் ஆம்பூர் மல்லி வாடிக்கொண்டிருக்கும். நடுவில் கண்ணைத் திறந்து, புஷ்பம், இப்ப நாம நிஜமா போறோமா, இல்ல ஷாட்டா என்று கேட்பாள். நிஜம்தான், தூங்குடி என்பேன். சில நாள் எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அவளுக்கு இல்லாதது ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படம் வெளியாகும்போதும் டேனரி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, ஒரே கேள்வியைக் கேட்பாள். படம் பாத்தியா நைனா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து இல்லை என்றே பதில் வரும். தன்னைத் திரையில் பார்த்துவிட்டு அந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பொண்ணு என்று சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். நாடே சொல்லியாயிற்று, அந்த ஒரு ஆள் சொல்லாவிட்டால் என்ன என்று நான் எரிந்து விழுவேன். அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கன்னியப்பன் மாமாவுக்கு மகள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அவர் சினிமாவே பார்க்க மாட்டார், அவ்வளவுதான். குடியாத்தத்து நெசவுக் குடும்பம் அவருடையது. தறி வேண்டாமென்று பதினைந்து வயதில் ஆம்பூருக்கு வந்து டேனரியில் சேர்ந்தார். மக்பூல் அகமது சாயபுவின் டேனரியில் தோல் தரம் பிரிப்பது அவர் வேலை. பதப்படுத்திய தோல்களை ஜன்னல் பக்கம் மேஜையில் அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், உள்ளங்கையால் ஒரு தடவை தடவுவார், நம்பர் சொல்வார். ஒன்று, மூன்று, ஐந்து, கழிவு. அவர் ஒன்று என்றால் அது ஜெர்மனிக்குக் கப்பலேறும். சாயபுகூட மறு பேச்சுப் பேச மாட்டார். முள் கீறியதா, பூச்சி கடித்ததா, ஆடு கலவை ஊர்ப் பக்கத்துப் புதரில் மேய்ந்ததா என்று தோலைப் பார்த்தே சொல்வார் என்று ஊரில் பேச்சு. பாதி அளப்பாக இருக்கலாம், பாதி நிஜம்தான்.

இருட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தை முறைத்துப் பார்த்தால் கண் கெட்டுவிடும், என் சோறு என் கண்ணில் இருக்கிறது என்பார். அதனால் ஐம்பத்தாறு வயது வரை தியேட்டர் வாசற்படி மிதிக்காத மனுஷன். மகள் நடிகையான பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்பது நவம்பரில் ஜலகம்பாறை அருவியில் ஒரு பாட்டு எடுத்தார்கள். ஏலகிரி மலைக்குப் பின்பக்கம் இருக்கிறது. அந்த வருஷம் நல்ல மழை. காலை ஆறு மணிக்குப் போனபோது அருவி எங்கே, புகை எங்கே, மலை எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நாயகி அருவிக்குள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இடுப்பு வரைக்கும் துணி கிடையாது. அதற்கென்று மெட்ராஸிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். பதினெட்டு வயதுகூட இருக்காது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பூரணி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு அருவியைப் பார்த்தாள். நானே நிக்கிறேன் என்றாள்.

நான் கத்தினேன். ஊரில் அம்சாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அம்சவேணி அவள் தங்கை. பூரணிக்கு நான் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ. அந்தப் பொண்ணுக்கு இருக்கறதும் முதுகுதானே புஷ்பம், எனக்காக அவ ஏன் குளிர்ல நிக்கணும் என்றாள். அவள் இடது தோள்பட்டையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. ஆறு வயதில் டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தது. நானும் மேக்கப் மேனும் முக்கால் மணி நேரம் பான்கேக்கை அப்பி அப்பி அதை மறைத்தோம். பிறகு அவள் அந்த வெள்ளைக்குள் நடந்து போனாள். சொன்னால் சிரிப்பீர்கள், சட்டென்று எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. அவ்வளவு அழகாக இருந்தாள். அசிங்கமாக ஒன்றும் இல்லை. தண்ணீரும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

அது மே மாதம் போஸ்டராகி ஆம்பூர் ரயில்வே கேட் சுவரில் பன்னிரண்டு அடிக்கு நின்றது. அதற்குள் அம்சாவுக்குக் குடியாத்தத்தில் நிச்சயமும் ஆகியிருந்தது. சம்பந்தி அரங்கநாதன், கைத்தறியும் விசைத்தறியுமாக லுங்கி போடுகிறவர். தோல் வேலை செய்யும் வீட்டில் பெண் எடுப்பதற்கே அவர் பக்கத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள். போஸ்டரைப் பார்த்துவிட்டு அவர் நேரே மாமா வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மூத்த பெண் நடிக்கட்டும், இப்படி நிற்கிறவளுடைய தங்கையை எடுத்தால் என் தங்கச்சிங்க வீட்டில் யாரும் பந்திக்கு உட்கார மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். படத்தில் வேறு ஆளை வைத்தும் எடுப்பார்களாமே, அப்படி ஏதாவது இருந்தால் நல்லது என்று அவரே வழியும் காட்டினார்.

மாமா, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம்.

கல்யாணப் புடவைகளைக் கொடுக்க பூரணி என்னை அனுப்பியிருந்தாள், அதனால் அடுத்து நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. மாமா வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கோயிலுக்குப் போவது போல வந்தார். அவருக்கு ஒரு பக்கம் அரங்கநாதன், இன்னொரு பக்கம் அரங்கநாதனின் அண்ணன். பின்னால் டேனரி ஆட்கள் நாற்பது பேர் இருப்பார்கள், படத்தைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, மாமாவைப் பார்க்க வந்தவர்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்ததும் அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. மகளின் முகம் முதல் தடவை திரை முழுக்க வந்தபோது அவர் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இமைத்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

அருவிப் பாட்டு வந்தது. வெள்ளைப் புகை விலகி அந்த முதுகு திரையை நிறைத்தது. விசில் பறந்தது. மாமா எழுந்தார். எழுந்து, வரிசையை விட்டு வெளியே வந்து, நடுவழியில் திரையை நோக்கி நடந்தார். உட்காருய்யா என்று பின்னாலிருந்து கத்தினார்கள். யாரென்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். திரைக்குப் பத்தடி தூரத்தில் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேலிருந்து கீழே பார்த்தார். ஜன்னல் பக்கத்து மேஜையில் அவர் அப்படித்தான் நிற்பார், நான் பார்த்திருக்கிறேன். அந்த வெளிச்சம் அவர் வேட்டி மேலெல்லாம் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றார்.

வெளியே வெயிலில் வந்ததும் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சம்பந்தியிடம் சொன்னார்.

"அது எம் பொண்ணு இல்ல. எம் பொண்ணுக்கு இடது தோள்ல சுண்ணாம்பு பட்ட தழும்பு இருக்குது. அதுல இல்ல."

அரங்கநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் தோல் பார்த்த கண், அதற்கு மேல் ஊரில் யாருக்கு என்ன கேள்வி? சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி வாணியம்பாடி வரைக்கும் போய்விட்டது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நிம்மதி. ஜெர்மன்காரனை ஏமாற விடாத மனுஷனை எங்கள் பான்கேக் ஏமாற்றிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அம்சா பிழைத்தாள், அது போதும்.

மெட்ராஸுக்குப் போய் பூரணியிடம் சொன்னேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முழுக்கக் கேட்டாள். படம் முழுசும் பாத்தாரா என்றாள். பார்த்தார் என்றேன். பாத்துட்டு எம் பொண்ணு இல்லன்னாரா என்றாள். அடி பைத்தியமே, உன் தங்கை கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் கண்ணாடியில் தன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தவள்.

கல்யாணம் ஆவணியில், குடியாத்தத்தில். இப்போது மூத்த மகள் மேல் குறை ஒன்றுமில்லையாதலால் அவளையும் வரச்சொல்லி அரங்கநாதனே பத்திரிகை அனுப்பியிருந்தார். முதல் நாள் மத்தியானம் மண்டபத்து மாடி அறையில் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கீழே சமையல் சத்தம். எங்கேயோ தறிகள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாமா உள்ளே வந்தார். பூ கொண்டுவந்திருந்தார், கட்டில் மேல் வைத்தார். நான் எழுந்தேன், பூரணி என்னை உட்காரச் சொன்னாள்.

"நைனா, அது நாந்தான்."

"தெரியும்மா."

நான் சீப்பைக் கீழே போட்டேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"காயம் பட்ட தோல கலர் அடிச்சி மறைச்சி எங்கிட்ட தள்றதுக்கு எத்தன பேர் பாத்திருக்கானுங்க. ஒரு சொட்டுத் தண்ணி வெச்சா தெரிஞ்சிடும். உன் முதுகு மேல எல்லா எடத்துலயும் தண்ணி படிஞ்சி எறங்குது. அந்த ஒரு எடத்துல மட்டும் ஒட்டாம உருண்டு ஓடுது."

"தெரிஞ்சுமா இல்லன்னு சொன்ன?"

"அம்சாவுக்காக சொன்னேன்."

"எவ்ளோ பேரு பாத்தாங்க நைனா. அவங்கல்லாம் இன்னா வேணா சொல்லட்டும். எனக்கு நீ ஒருத்தன் பாத்தா போதும்னு இருந்தேன். நீ பாத்துட்டு, என்னுது இல்லன்னு சொல்லிட்ட."

அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமா கட்டிலில் வைத்த பூவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தார், வெளியே போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய் சொன்னதற்கு இல்லை. அவ்வளவு சரியாகப் பார்த்துவிட்டு அந்தப் பொய்யைச் சொன்னதற்கு.

பெண்ணழைப்பு முடிந்து ஆறு மணிக்கு எல்லோரும் கூடத்தில் காபியோடு உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மக்பூல் அகமது சாயபு முன்வரிசை நாற்காலியில் இருந்தார். மாமா அவருக்கு அடுத்து, அதற்கடுத்து ஒரு நாற்காலி காலி. பூரணி தூண் ஓரமாக என்னோடு நின்றாள். அரங்கநாதனுக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். தன் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் கேட்கிற மாதிரி மாமாவைப் புகழ ஆரம்பித்தார்.

"இவரு கண்ணு மட்டும் இல்லன்னா நாம பேஜாராப் போயிருப்போம். யாரோ ஒரு பொண்ண கொண்டாந்து அப்படி நிக்க வெச்சிட்டானுங்க. அவளப் பெத்தவன் எங்க இருக்கானோ. எந்த மூஞ்ச வெச்சிக்கினு வெளிய வர்றானோ, பாவம்."

நாலு பேர் சிரித்தார்கள். மாமா காபி டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்சாவின் கழுத்தில் தாலி ஏற இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. சாயபு வேறு பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எதிரில் தான் பார்த்துச் சொன்னதைத் தானே பொய் என்று சொன்னால் நாளைக்கு இவர் சொல்லும் நம்பரை எவன் நம்புவான்? உட்காருங்க மாமா, உட்காருங்க என்று மனசுக்குள்ளேயே கெஞ்சினேன்.

"நாந்தான் சம்பந்தி."

"இன்னாது?"

"அவளப் பெத்தவன். நாந்தான். அன்னிக்கு தியேட்டர் வாசல்ல நான் சொன்னது பொய்யி. அது எம் பொண்ணு. அதோ நிக்கிறா."

கையை நீட்டிக் காட்டினார். கூடம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூரணி குனியவில்லை.

அரங்கநாதனின் தங்கை வீட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். வாசலில் இரண்டு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அரங்கநாதன் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பையன் மேடையை விட்டு இறங்கி, அப்பா பக்கத்தில் போய் நின்று, குனிந்து ஏதோ சொன்னான். பிறகு அரங்கநாதன் எழுந்து, மாமாவைப் பார்க்காமல், பொதுவாகப் பந்தல்காரனைப் பார்த்து, முகூர்த்தம் ஆறரைக்கு, எல்லாரும் சீக்கிரம் எழுந்திருக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாயபு கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தார்.

மாமா உட்கார்ந்தார். அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. பூரணி என் கையை விட்டுவிட்டு, பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு, அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் கூடத்தின் குறுக்கே நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காபி ஆறிட்டிருக்கும் நைனா, வேற கொண்டாரச் சொல்லட்டா என்று கேட்டாள்.